அரிதாரம் கலைந்த பின்

(ஆழ்வார்குறிச்சிப் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்வுரையை ஞாயிறு இதழில், படிப்பக மேசையிலோ தேநீர்க்கடைப் பலகையிலோ அமர்ந்து படிக்கப்போகும் நண்பர்களே!

'நாடகமும் நாமும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. விடிய விடியப் பேசலாம். ஆனால் பேசுவதற்கு வந்த நான், இதே ஊரில், விடியும் வேளையில், ஒரு நாடகக் கொட்டகையின் பின்கட்டில் கண்டதை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சி என்னை விட்டு அகலவில்லை.

1962ஆம் ஆண்டு, பங்குனி மாதம். சிவசைலத்துப் பரமகல்யாணிக்கு நம் ஊரில் தேரோடும் காலம். எனக்கு வயது பத்து. கடனாநதியை ஒட்டிய திடலில் தென்னங்கீற்றுக் கொட்டகை எழும்பிற்று. கடையத்திலிருந்தும், பொட்டல்புதூரிலிருந்தும், கருத்தப்பிள்ளையூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு மக்கள் வந்தனர். அரிச்சந்திரன் நாடகம். ராஜபார்ட் நடிகர் எவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள். மூன்று ஆண்டுகளாக அவர்தான் எனக்கு எல்லாம். சுவரில் ஒட்டிய அவருடைய நோட்டீசைக் கிழியாமல் உரித்தெடுத்து வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருந்தேன். அவரைப்போல் நடந்தேன். அவரைப்போல் இருமினேன் என்றால் நம்புவீர்களா? மயானத்தில் மகனின் உடலைக் கண்டு அரிச்சந்திரன் புலம்பும் கட்டத்தில் அவர் இருமுவார். அது நடிப்பென்றே நான் எண்ணியிருந்தேன்.

என் மாமா கொட்டகைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆட்டம் முடிந்து, விளக்கை எண்ணி எடுக்க அவர் தட்டிக்குப் பின்னால் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

அரசர் தகரப் பெட்டியின்மீது அமர்ந்திருந்தார். பக்கத்தில் கிரீடம், அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டியது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு, பழந்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் சிவப்பு. மறுகன்னம் நம்முடைய நிறம். நான் ஓடிப்போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் சட்டென்று கால்களை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திரு தம்பி, எழுந்திரு. எத்தனாவது படிக்கிறாய்?"

"அஞ்சாவது, அண்ணாச்சி."

"அப்படியானால் கடுதாசி வாசிப்பாயா?"

பெட்டிக்குள்ளிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்துத் தந்தார். வந்து ஐந்து நாளாகிறதாம். பாடம் சொல்லித்தரும் வாத்தியார் ஊருக்குப் போய்விட்டாராம். கம்பெனியில் மற்றவர்களிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லையாம்.

படித்தேன். மனைவி யாரையோ கொண்டு எழுதுவித்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் விடவில்லை; இரண்டு மாதமாக மணியார்டர் வரவில்லை; கடைக்காரர் அரிசி தர மறுக்கிறார். இவ்வளவுதான். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாம் முறை நான் படிக்கவில்லை. அவரே சொன்னார், ஓரெழுத்துப் பிசகாமல், காதால் கேட்டுப் பாடம் பண்ணுவதே வழக்கமாகிவிட்ட மனிதர் அல்லவா! மயானத்தில் அவர் புலம்பியபோது ஆயிரம் பேர் அழுதனர். இதைச் சொன்னபோது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு எஞ்சியிருந்த சிவப்பைத் துடைத்துக்கொண்டார்.

சம்பளம் நின்றுபோய் இரண்டு மாதம் என்பதை விளக்கு எண்ணிய என் மாமாதான் வழியில் சொன்னார்.

தோழர்களே! உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. அன்று எனக்கு இரக்கம் வரவில்லை; ஏமாற்றம்தான் வந்தது. எழுத்தறியாதவரா என் அரசர்? மறுநாள் பள்ளியில், அவர் தம் வாளை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படும் வயது வருவதற்குப் பத்தாண்டுகள் ஆயின.

நாம் ஒருவரைத் தெய்வமாக்குகிறோமே, அதில் அவருக்கு என்ன லாபம்? சிவகாசியிலே பிறந்து, நாடகமேடையை விடுதலைப் போர் மேடையாக்கிப் பன்முறை சிறை சென்ற விசுவநாததாஸ் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் கடைசி நாள், சென்னையிலே, முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. மயில்மேல் இருந்தவரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர் மருத்துவர் குலத்தில், முடிதிருத்தும் தொழில் செய்வோர் குடியில் பிறந்தவர். மயிலைவிட்டு இறங்கி வந்து தண்ணீர் கேட்டிருந்தால், அந்தக் கன்னங்களுக்குரியவர்களில் எத்தனை பேர் தம் வீட்டுச் செம்பை அவர் கையில் கொடுத்திருப்பர்? கும்பிடுவதற்குச் செலவில்லை, தோழர்களே. செம்பைக் கொடுப்பதற்குத்தான் செலவுண்டு.

மேடைக்குப் பின்னே நிகழ்ந்த வேறொரு சந்திப்பும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. அது நாற்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் சுயமரியாதை மாநாடு. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகம். வாளால் நாட்டை வென்றவன், 1674இல் முடிசூட எண்ணியபோது, நீ சூத்திரன், உனக்கேது முடி என்று தடுக்கப்பட்டான் அல்லவா, அந்தக் கதை. காசியிலிருந்து வந்த காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடிக்க இருந்தவர் எம்.ஜி.ஆர். அது இயலாமற்போகவே, கணேசன் என்னும் இளைஞரிடம் அந்தப் பாடம் வந்தது. பாய்ஸ் கம்பெனிச் சோற்றில் வளர்ந்தவர். பெண்வேடம் கட்டிப் பழகியவர். 90 பக்க வசனத்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்தார் என்பர். காதும் நெஞ்சும் கூர்மையாகவே அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகள் வளர்ந்தனர். வேறு ஆயுதம் அவர்களுக்கு ஏது?

முன்வரிசையில் பெரியார். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எளிதில் தலையசைப்பவர் அல்லர். பின்னாளில் திரைப்படத்தை நாட்டைப் பிடித்த நோய்களுள் ஒன்றாக எண்ணியவர். அவர்தான் நாடகம் முடிந்தபின், சிவாஜியாக நடித்த பையன் யாரென்று கேட்டு, இனி நீ சிவாஜி என்று பெயர் சூட்டினார்.

இங்கே சற்று நில்லுங்கள். பெரியார் அந்த இளைஞரின் காலில் விழவுமில்லை. அவரைத் தம் காலில் விழச் சொல்லவுமில்லை. செய்த வேலையைப் பார்த்தார். வேலைக்குரிய பெயரைக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பெயர் 2001இல் அவர் மறையும்வரை, மறைந்த பின்னரும், ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அவர்? ஐம்பதுகளின் நடுவில் திருப்பதிக்குப் போனார். கழகத்தைவிட்டு அகன்றார்; காங்கிரசில் சேர்ந்தார். நேற்றுவரை மாலை போட்டவர்கள் வசைபாடிச் சுவரெழுதினர். நம்மவர்கள்தாம், வேறு யாரென்று சொல்ல? அவர் கொள்கை மாறியதைக் கண்டிக்க நமக்கு உரிமையுண்டு, கண்டித்தோம், சரி. அந்தக் கோபத்தில் பாதி கொள்கைக்காக வந்தது; மறுபாதி, 'என் அரசர் எழுத்தறியாதவரா' என்று பத்து வயதில் எனக்கு வந்த அதே கோபம் என்றுதான் நான் கருதுகிறேன். பெரியார் சூட்டிய பெயரோடு ஒருவர் கோயிலுக்குப் போகிறார் என்றால், பெயருக்குப் பழுதில்லை. வேடத்தையும் ஆளையும் ஒன்றாக்கிக் கொண்ட நம் கணக்கில்தான் பழுது.

அவருக்கும் ஒரு சிறுவயது வீரர் உண்டு. ஏழு வயதளவில் கம்பளத்தார் கூத்திலே கட்டபொம்மனைக் கண்டார்; கண்டதும் நடிகனாக வேண்டுமென்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். என்னைப்போல் அவரால் தட்டிக்குப் பின்னால் போய்த் தம் வீரரைப் பார்க்க முடியாது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள், இதோ இந்த நெல்லைச் சீமையிலே, கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். ஆகவே அவர் வேறு வகையில் போய்ப் பார்த்தார். நாடகமாக நடித்தார். 1959இல் படமாக நடித்தார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசு பெற்றார். 1970இல் கயத்தாற்றில் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பினார். நெல்லையிலிருந்து கோவில்பட்டி போகும்போது இறங்கிப் பாருங்கள். கட்சி வேறானாலும், அந்த இடத்தில் நான் துண்டை இடுப்பில் கட்டுவதில்லை. தோளில் போட்டுக்கொண்டுதான் நிற்பேன். கட்டபொம்மனுக்கு அதுதான் பிடிக்கும்.

என் ராஜபார்ட்டின் கதையை முடிக்கவில்லையே. கம்பெனி இன்னும் நான்கு நாள் ஊரில் இருந்தது. அஞ்சலட்டைக்குப் பதில் எழுத என்னையே அழைத்தார். எழுதினேன். அடியில் கைநாட்டு வைக்க மையைத் தேடினார். நான், பெயரை எழுதிக் காட்டட்டுமா அண்ணாச்சி என்றேன். நோட்டீசின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். பெரிய உடம்பு, வாள் பிடித்த கை, பென்சிலைப் பிடித்து அவர் பட்ட பாடு! ஐந்தெழுத்துப் பெயர். மூன்றெழுத்து வந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை தென்காசி வண்டிக்குக் கம்பெனிப் பெட்டிகளை ஏற்றினார்கள். நிலையத்தில் நான் நிற்பதைக் கண்டு, சன்னல்வழியே கையை நீட்டி, காற்றில் அந்த மூன்றெழுத்தையும் எழுதிக் காட்டினார். பிறகு அவர் நம் ஊருக்கு வரவில்லை.

நம் படிப்பகத்தில் மாலைநேரங்களில் மனு எழுதிக் கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அறிவேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை பெற இயல் இசை நாடக மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில், கூத்தும் நாடகமும் வில்லுப்பாட்டும் ஆடிப் பாடி முதுமையடைந்தவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு முதல், அவர்கள் இங்கே வரட்டும் என்று காத்திராமல், காகிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். போகும்போது பென்சில் ஒன்றும் கொண்டு போங்கள்.