லாரி கேபினில் ஆறரை அடி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா பண்றே?"ன்னு காலையிலிருந்து பலர் கேட்டாச்சு. நாமக்கல்லில் லாரி கேபின் வரைகிறேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு பாடி கட்டுற பட்டறையான்னு சிலர் முகம் சுருங்கியதையும் பார்த்தேன்.

என் அப்பா லாரி டிரைவர். அந்த நாளில் ஜாம்ஷெட்பூரிலிருந்து சேஸிஸ் மட்டும்தான் வரும். கதவு, கண்ணாடி எதுவும் கிடையாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டி வருவார். மரச்சட்டம் போட்டு, தகடு அடித்து கேபின் கட்டியதெல்லாம் நம்ம ஊர் ஆசாரிகள்தான். இப்போது கம்பெனி கேபினோடு வரும் வண்டிகள் அதிகம். ஆனாலும் எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

2022-இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது எல்லாரும் பால்கனி அறையைப் பற்றிப் பேசினார்கள். நான் மாலுமியின் படுக்கையைத் தேடினேன். 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி அது குறைந்தது 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம். ஆறரை அடி! அப்பா படுத்த பலகையின் அகலம் 45.

என் முதல் டிராயிங்கில் படுக்கையை அகலமாகப் போட்டேன். வண்டி முதலாளி, "அந்த ஒரு அடியை லோடுக்குக் கொடு தம்பி" என்றார். கொடுத்துவிட்டேன். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யாருப்பா படுக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் என்ஜின் ஓடினால்தான் அது ஓடும். சங்ககிரி பக்கம் ரோட்டோரம் நிறுத்திப் படுக்கிறவனுக்கு ராத்திரி முழுக்க டீசல் எரிக்க எந்த முதலாளி விடுவார்? அதனால் படுக்கையின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கொசுவலை போட்ட ஜன்னல் வைக்கிறேன். கூரைத் தகட்டுக்கு அடியிலும் என்ஜின் மூடிக்கு அடியிலும் சூடு தாங்கும் அட்டை. தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் பாதி நேரம் தூங்கினவனுக்கே இது தெரியும் (நான்தான் அது).

போன மாதம் கட்டிய வண்டியில் 75 செ.மீ. வாங்கிவிட்டேன். அப்பா ஏறிப் படுத்துப் பார்த்தார். காலை நீட்டினார். அரைமணி நேரம் கழித்துத்தான் எழுப்பினோம்.

இன்னும் 5 செ.மீ. பாக்கி. லாரி வைத்திருக்கும் நண்பர்கள் இங்கேயும் இருக்கீங்க. பந்தியில் வந்து பிடிக்கிறேன்.