கம்பளத்துக்கு அடியில் ஓடும் கோடு



அமெரிக்க வீடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிப்பது நெடுநாள் வழக்கம். கம்பளத்தின் நிறத்தையும் தரத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள், அதற்கு அடியில் போடும் மெத்தையைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பல வீடுகளில் அது ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்த விரிப்பு. அதன் துண்டுகளைச் சரியாக இணைக்காவிட்டால், சில ஆண்டுகளில் பழி கம்பளத்தின் மேல் விழுகிறது.

எப்படி? கணக்கைப் பாருங்கள். அங்கே கம்பளச் சுருள் பொதுவாக 12 அடி அகலம்; அடிமெத்தைச் சுருள் 6 அடி. 15 அடி அகல அறை ஒன்றில் இரண்டையும் ஒரே சுவரிலிருந்து ஒரே திசையில் விரித்தால் என்ன ஆகும்? அடிமெத்தையின் இணைப்புகள் 6 அடியிலும் 12 அடியிலும் வரும். கம்பளத்தின் இணைப்பும் அதே 12 அடியில்! மேலே ஒரு வெட்டு, நேர் கீழே இன்னொரு வெட்டு. கம்பளத்தின் இரு ஓரங்களையும் சூடான பசை டேப்பால் ஒட்டுவார்கள். அந்த டேப்புக்கு அடியில் சமமான தாங்கல் வேண்டும். அது இல்லாத இடத்தில் மிதிக்க மிதிக்க இணைப்பு தளர்ந்து, கோடாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே அனுபவமுள்ள தொழிலாளி முதலில் கம்பள இணைப்பு எங்கே வரும் என்று தரையில் குறித்துக்கொள்வார். பிறகு அடிமெத்தையைக் குறுக்காக விரிப்பார். அப்போது இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமே தவிர, ஒன்றன்மேல் ஒன்று படுக்காது. குறுக்கே விரிக்க வசதியில்லையா? முதல் துண்டின் அகலத்தைக் குறைத்து, இரு கோடுகளுக்கும் இடையே 6 அங்குலமாவது விலக்கிவிடுவார்.

துண்டுகளின் ஓரங்கள் முட்டி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேடு, விலகினால் பள்ளம். இடைவெளியை மூட ஸ்பாஞ்சை இழுத்துப் பிடிப்பது சிலரின் கெட்ட பழக்கம். இழுத்த ஸ்பாஞ்சு சும்மா இருக்குமா? மெல்லப் பின்வாங்கி, மூடிய கம்பளத்துக்கு அடியில் மறுபடி வாய் திறக்கும். மிச்சம் மீதி கிடந்த வேறு கனத் துண்டைச் சேர்த்து ஒப்பேற்றுவதும் அப்படித்தான். கால் வைத்தால் படி போல் உணர்த்தும்.

ஒரு பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அது மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் கம்பளத்தை இழுத்து விறைப்பாக்கும்போது அது தடையின்றி நகரும். இணைப்பின் மேல் நீளவாக்கில் டேப் ஒட்டுவார்கள். பலகைத் தரையானால் ஓரங்களில் ஸ்டேப்ளர் ஊசி அடிப்பார்கள். சிமெண்டுத் தரையானால் பசை. தூசியைக் கூட்டாமல் பூசிய பசை பிடிக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சுவரோர ஆணிப்பட்டையின் மேல் மெத்தை ஏறிவிடக் கூடாது. அங்கே கம்பளத்தை ஆணிகள்தாம் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் கம்பளம் விரித்த அன்றே மறைந்துவிடும். பின்னால் பழுது பார்ப்பதென்றால் கம்பளத்தை ஆணிப்பட்டையிலிருந்து கழற்றி, ஒட்டிய இணைப்பையும் பிரிக்க வேண்டிவரும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கம்பளம் மேலே ஏறுமுன், வெறுங்காலால் அடிமெத்தையின் மேல் ஒருமுறை நடந்து பார்க்கலாம். மேடு பள்ளம் காலுக்குத் தெரியும். டேப் ஒட்டிய கோடுகளைச் சுவரும் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்தால், பின்னாளில் கம்பளத்தில் ஒரு கோடு தெரியும்போது, அதற்குக் கீழே இருப்பது என்னவென்று கம்பளத்தைத் தூக்காமலே சொல்லிவிடலாம்.