வைத்தியசாலையில் சைகை மொழி

இப்பேச்சு யாரைப் பற்றியதோ அவர்கள் இதனைக் கேட்கப் போவதில்லை. வானொலி அவர்களுக்கு ஓசையற்ற ஒரு பெட்டி. ஆகவே, அவர்களுடைய பெற்றோரும் அயலாரும், தோட்டத்து உத்தியோகத்தரும், வைத்தியசாலைகளில் பணிபுரிவோரும் அவர்கள் பொருட்டுச் சிறிது நேரம் செவிகொடுத்தல் வேண்டும்.

அப்புத்தளை மலைச்சரிவில் ஒரு தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவள் பிறவியிலேயே செவிப்புலனற்றவள். பாடசாலை வாசல் மிதித்தறியாதவள். சில வாரங்களாக இருமல், மாலையானால் காய்ச்சல். தோட்ட மருந்தகத்துக் குளிகைகளுக்கு நோய் அடங்கவில்லை. அன்றைய பேர் போய்விடும் என்று தெரிந்திருந்தும், ஒருநாட் காலை, பத்து வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் உடனழைத்துக்கொண்டு, மூடுபனியினூடே நகரத்துக்கு இறங்கி வருகிறாள். அந்தச் சிறுவன்தான் அவளுடைய வாயும் செவியும்.

வைத்தியர் சிங்களத்தில் வினவுகிறார். ஊழியர் ஒருவர் அதனைத் தமிழாக்குகிறார். சிறுவன் அதனைக் கையசைவாக மாற்றுகிறான். ஒரு வினா மூன்று படி இறங்கி நோயாளியை அடைகிறது. அவளுடைய விடையும் அதே மூன்று படிகளையும் ஏறித்தான் வைத்தியரிடம் செல்லவேண்டும். நெஞ்சை ஊடுகதிர்ப் படம் பிடிக்குமுன் அவள் கருவுற்றிருக்கிறாளா என்று வைத்தியர் அறிய விரும்புகிறார். ஊழியர் நாகரிகமாக, "அம்மா முழுகாமல் இருக்கிறாங்களா?" என்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வழக்கு எங்ஙனம் தெரியும்? அவன் தலையில் நீர் ஊற்றுவதுபோற் கையை அசைக்கிறான். குளித்தாயா என்று மகன் கேட்பதாக எண்ணித் தாய் தலையை ஆட்டுகிறாள். ஊழியரோ, "ஆம், கர்ப்பிணிதான்" என்று வைத்தியரிடம் கூறிவிடுகிறார். படம் பிடிப்பது தள்ளிப் போகிறது. நோய் தள்ளிப் போவதில்லை.

இதிற் சிரிக்கத் தக்கதும் உண்டு; ஆனால் சிரித்துவிட்டுப் போகத் தக்கதன்று. இங்கே எவரும் பிழை செய்ய எண்ணவில்லை. வைத்தியர் கேட்கவேண்டியதையே கேட்டார். ஊழியர் மரியாதையாகவே பேசினார். பிள்ளை தன்னால் இயன்றதைச் செய்தான். மூவர்க்கும் நடுவே, மொழியையும் நோயையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இல்லாமையே குறை.

சைகை அறிந்த எவரும் வைத்தியசாலையில் மொழிபெயர்க்கலாம் என்பது பரவலான எண்ணம். அது தவறு. தமக்கு விளங்காத ஒன்றை எவராலும் மொழிபெயர்க்க முடியாது. வாய்மொழியிலாயினும் விளங்காத சொல்லை அப்படியே ஒப்பித்துத் தப்பிவிடலாம். சைகையில் அதற்கும் வழியில்லை. வலி என்பதைக் காட்டுங்கால் வலிக்கும் இடத்திலேயே காட்டுதல் சைகை மொழிகள் பலவற்றின் இயல்பு. "வயிற்றில் வலி" என்று தமிழிற் கூறினால் அது இரைப்பையாகவும் இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம், கருப்பையாகவும் இருக்கலாம். கை எங்கே செல்வது? மொழிபெயர்ப்பாளருக்கு உடலின் அமைப்புத் தெரிந்திருந்தால், "எவ்விடம்?" என்று உரியவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வார். தெரியாதவர் தமக்குத் தோன்றிய இடத்திற் கையை வைத்துவிடுவார். இழுப்பு என்ற சொல்லும் அத்தகையதே. ஒருவர் அதனை மூச்சுமுட்டுக்கு வழங்குவார். இன்னொருவர் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்புக்கு வழங்குவார். இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

இவற்றினும் வஞ்சகமான சொல் ஒன்று உண்டு. சளியைப் பரிசோதித்துக் கசநோய்க் கிருமி இருக்கக் கண்டால் வைத்தியசாலையில் அதனைப் பொசிற்றிவ் என்பர். பொசிற்றிவ் என்றால் நல்லது என்று பொதுவிற் கற்றிருந்த ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாரானால், நோயாளி மகிழ்ச்சியோடு வீடு திரும்புவாள். லயத்துக் காம்பராவிலே அவள் பக்கத்திற் படுத்துறங்கும் பிள்ளைகளின் கதி என்னாவது?

இத்துயரம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் செவிப்புலனற்ற தாயொருத்தி குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகளை ஈன்றாள். பிரசவ வேளையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஒரு குழந்தையின் இதயத்துடிப்புக் குறைந்துவிட்டதைத் தாதி கைச்சாடையாற் காட்டினார். பிறந்ததும் குழந்தைகளை எடுத்துச் சென்றுவிட்டனர். நலமாயிருக்கின்றன என்று எழுதிக் காட்டியதன்றி வேறு விளக்கம் தாய்க்குக் கிடைக்கவில்லை. எல்ட்ரிஜ் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கிலே இச்செய்தியும் இடம்பெற்றது. நோயாளியும் வைத்தியரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதல் வைத்தியத்தின் பகுதியே, அதன்மேற் செய்யும் உபகாரமன்று என்னும் கருத்துப்பட, கனடாவின் உயர் நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம், தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்களை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது; நோயாளி விளங்கிக்கொண்டு அளிக்கும் சம்மதத்தின் பேரிலேயே வைத்தியம் நடைபெற வேண்டும் என்றும் கூறுகிறது. இலங்கை 2016ஆம் ஆண்டு அதனை ஏற்று உறுதிசெய்தது. சத்திரசிகிச்சைக்குமுன் கையொப்பம் வாங்கும் அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை என்று வைத்துக்கொண்டால், இனிமேற் பிள்ளை பிறவாது என்பதை அறியாமல் ஒரு பெண் பெருவிரலைப் பதிப்பாளாயின், அதனைச் சம்மதம் என்று எங்ஙனம் கூறுவது?

அண்டை நாடான இந்தியாவில், இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் 2015இல் புதுடில்லியில் நிறுவப்பட்டது. 2018இல் 3,000 சொற்களோடு வெளியான அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. வைத்தியச் சொற்களுக்கென அதில் ஒரு பகுதியும் உண்டு. அகராதி நல்லதே. ஆனால் ஊவாத் தோட்டங்களின் இடர்ப்பாடு அகராதியால் மட்டும் தீர்வதன்று.

இலங்கையில் செவிப்புலனற்றோர்க்கான கல்வி 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையாரின் முயற்சியாற் தொடங்கியது. இரத்மலானைப் பாடசாலை அம்முயற்சியின் விளைவாகும். தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் அமைந்தது. அப்புத்தளையிலிருந்து கைதடி நாட்டின் மறுமுனை. கூலிக்கு உழைக்கும் பெற்றோர் எத்தனை பேர் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கக் கூடும்? பாடசாலைக்குப் பாடசாலை சைகைகளும் வேறுபடும். பள்ளிக்கே செல்லாதவர்க்கோ லயத்துக்குள் பிறந்த வீட்டுச் சைகையே மொழி. அது தாய்க்கும் தமக்கைக்கும் விளங்கும், பிறர்க்கு விளங்காது.

ஆகவே இங்கே இருவர் சேர்ந்தியங்க வேண்டிய நிலை உண்டு. பயின்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அந்நோயாளியின் வீட்டுச் சைகையை அறிந்த, வயதுவந்த உறவினர் ஒருவர். வைத்தியர் கூறுவதை முன்னவர் விளக்கப் பின்னவர் கொண்டுசேர்ப்பார். சென்று சேர்ந்ததா என்பதை நோயாளியையே திருப்பிக் கூறச்செய்து முன்னவர் சோதிப்பார். உறவினரை அறவே விலக்குதல் தகும் என்போர் தோட்டத்தை அறியாதவர். உறவினரிடமே எல்லாவற்றையும் விடலாம் என்போர், கணவன் நடுவிலிருக்கும்போது மனைவி கூறத் தயங்குபவை எத்தனை என்று எண்ணிப்பாராதவர். பிள்ளைகளை மட்டும் இவ்வேலைக்கு ஒருபோதும் ஏவலாகாது.

மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு வைத்தியம் தெரியவேண்டும்? உடலுறுப்புகளும் அவற்றின் தொழிலும், நீரிழிவு, குருதியமுக்கம், கசநோய், பேறுகாலம் முதலியவற்றின் போக்கு, பரிசோதனைகள் எதற்காக, எப்படிச் செய்யப்படுகின்றன என்பது, மருந்துண்ணும் முறை. இவற்றோடு, கேட்டதை வெளியிற் கூறாத கட்டுப்பாடும் வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த லயத்தில் இது சிறு கட்டுப்பாடன்று. ஆனால் கற்ற வைத்தியத்தைக் கொண்டு ஆலோசனை கூறத் தொடங்கினால் அவர் அரைவைத்தியராகிவிடுவார். அது அறியாமையினும் கேடானது. அவருடைய அறிவு சரியான வினாவை எழுப்புவதற்கேயன்றி, விடையளிப்பதற்கன்று.

வைத்தியசாலையாரும் சிறிது கற்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்தியருக்கு அருகிலே நின்றால் நோயாளி இருவர் முகத்தையும் ஒருங்கே காண்பாள். முகமூடி அணிந்தவரின் உதட்டசைவு தெரியாது. ஊடுகதிர் அறையில் விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துபோகும். எந்தக் கையாற் பேசுகிறாள் என்று கேளாமலே அக்கையின் புறத்தில் ஊசியைச் செருகிப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், அது வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அப்புத்தளை போன்ற இடத்தில் எங்கே தொடங்குவது? ஆஸ்பத்திரிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது விரும்பத் தக்கது, விரைவில் வரக்கூடியதன்று. லயம் லயமாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவ மாதர்க்கு வைத்தியம் ஏற்கெனவே தெரியும், வீடுகளும் தெரியும். அவர்களுட் சிலர்க்குச் சைகை கற்பித்தலும், செவிப்புலனற்ற இளைஞருட் படித்த சிலர்க்கு வைத்திய அறிவு ஊட்டுதலும் ஒருங்கே நடைபெறலாம். இரண்டாமவரே வீட்டுச் சைகையை விரைவிற் பிடித்துக்கொள்ளக் கூடியவர்கள்.

அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். ஆறு மாதம் விடாமல் மருந்துண்ண வேண்டும், இருமல் நின்றாலும் நிறுத்தலாகாது என்று அவளுக்கு உணர்த்தவேண்டும். ஆறு விரலைக் காட்டினால் ஆறு நாளென்று கொள்வாள். மாதப்பெயர் அவள் கற்றதில்லை. விடயம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அவளுடைய தமக்கையை அருகே அழைக்கிறார். தமக்கை இரு கைகளாலும் பானை பொங்கி வழிவதைக் காட்டுகிறாள், அது தைப்பொங்கல். பின்பு தலைமேற் கரகம் வைத்துக் காலெடுத்து வைக்கிறாள். அது ஆடியில் வரும் அம்மன் திருவிழா. பொங்கற் பானையிலிருந்து கரகம் வரையில், நாள்தோறும் ஒருமுறை கையை வாய்க்குக் கொண்டுசெல்கிறாள். நோயாளி சிறிது நேரம் பார்த்திருந்து, அதனைத் தானே முதலிலிருந்து செய்து காட்டுகிறாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, இருமுவது போற் செய்து, இருமல் இல்லையென்று கையை விரித்து, அதன் பின்னும் மருந்தை வாயிலிடுகிறாள்.