ஆலங்கட்டியும் வலையும்



திருப்பலியில் திராட்சை இரசத்தைக் காணிக்கையாக்கும் நமக்குத் திராட்சைத் தோட்டம் அந்நியமல்ல. இன்று அர்ஜென்டினா நாட்டின் மெண்டோசா பகுதிக்குச் செல்வோம். அங்கே ஆண்டிஸ் மலையடிவாரத்தில், ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் கொடிகள் வளர்கின்றன. மழை குறைவு, மலைப்பனி உருகி வாய்க்காலில் வரும் நீரே பாசனம். பகலில் சுட்டெரிக்கும் வெயில், இரவில் கடுங்குளிர். வெயிலைத் தாங்கத் தாங்கப் பழத்தோல் தடிக்கிறது. இரசத்தின் கருஞ்சிவப்பும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. 1853-இல் பிரான்சிலிருந்து வந்த மால்பெக் திராட்சையோடு கபர்னே சாவிஞோனையும் கலந்து திடமான இரசம் செய்கிறார்கள்.

துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தும் என்று மறையுரை ஆற்ற இது வசதியான உவமை. நாமும் அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். ஆனால் அதே மலையோரத்தில் கோடையில் ஆலங்கட்டி மழையும் பெய்யும். சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பு மண்ணில் கிடக்கும். இதுவும் சுவைக்காகத்தான் என்று அந்த விவசாயியிடம் யார் போய்ச் சொல்வது? துக்க வீடுகளில் நாம் சொல்லியிருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமே சொல்லியிருக்கிறோம். அவர் பதில் பேசவில்லை.

மெண்டோசாவில் விளக்கம் தேடி நிற்பதில்லை. கொடிவரிசைகளின்மேல் வலை கட்டுகிறார்கள். வெயில் வலைக்கண் வழியே இறங்குகிறது; ஆலங்கட்டி மேலேயே தங்கிவிடுகிறது.