கணக்கை எழுத்தாகக் கொடுங்கள்



கணித ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையில் போட்ட கணக்கைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். இரவு பத்து மணிக்கும் ஒரு பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்க உட்காரும் ஆசிரியரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்தப் படம் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் கணினியில் எப்படிப் படிக்கிறார்? திரையில் உள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் உரக்கப் படித்துக் காட்டுகிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் முன் நம் கரும்பலகைப் படத்தை வைத்தால், 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இருபடிச் சமன்பாடும் அதன் தீர்வும் அந்த மாணவருக்கு இல்லவே இல்லை!

எழுத்தாகக் கொடுத்தாலும் கவனம் வேண்டும். 'எக்ஸ் பிளஸ் ஒன் பை டூ' என்று வகுப்பில் சொல்கிறோமே, முழுவதையும் இரண்டால் வகுப்பதா, ஒன்றை மட்டுமா? பார்ப்பவருக்குக் கோட்டின் நீளம் சொல்லிவிடும். கேட்பவருக்கு யார் சொல்வது? எது தொகுதி, எது பகுதி, வர்க்கமூலக் குறி எதுவரை நீள்கிறது என்பதையெல்லாம் கணினிக்கு விளக்கும் மேத்எம்எல் குறிமொழி 1998-இலேயே வந்துவிட்டது. குரோம் உலாவியில் அது நிலையாக இடம்பெற்றதோ 2023-இல்! இத்தனை ஆண்டுத் தாமதம் பெரும் அநியாயம்.

மேத்எம்எல்லை நாமே கையால் எழுத வேண்டியதில்லை; எளிய வழி ஒன்று உண்டு. டொனால்ட் கனூத் என்ற கணினி அறிஞர், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை பொறுக்காமல், 1977-இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். விற்றுப் பொருள் சேர்த்திருக்கலாம். உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். அதன்மேல் எழுந்த லேடெக்கில் சமன்பாடு தட்டச்சு செய்வது கொஞ்சம் பழகினால் கைக்கு வந்துவிடும். மேத்ஜாக்ஸ் என்ற மென்பொருள் அதை இணையப் பக்கத்தில் அழகாகக் காட்டும். திரைவாசிப்பானுக்கு மேத்எம்எல்லாகவும் கொடுக்கும். பிழை இருந்தால் இன்னோர் ஆசிரியர் அந்த ஒரு குறியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். படத்தில் அதற்கு வழி ஏது?

வடிவியலுக்குப் படம் வேண்டும்தான். அதன் கீழே, 'ஏபிசி முக்கோணத்தில் பி செங்கோணம், ஏபி 3 செ.மீ., பிசி 4 செ.மீ.' என்று எழுதுங்கள். பாடத்தைப் பிறரும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் ஒரு வரியில் சேருங்கள். அனுமதி இல்லாத பாடத்தை எடுத்தாள நேர்மையான ஆசிரியர் தயங்குவார்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தை நாம் பங்கிட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பயிற்சி. இந்தக் கோடை விடுமுறைக்குள் முழுவதையும் எழுத்தாக இணையத்தில் ஏற்றிவிடுவோம். இதற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.