ஒலிநாடாப் பெட்டியின் உள்ளே

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி வருபவன் நான். கலைப் பட்டதாரி. மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்தது, ஈரக் கையால் அதைத் தொடலாகாது என்பது ஒன்றே. அத்தகைய ஒருவன், கையடக்கமான பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே பிரித்துப் பழுது பார்ப்பது குறித்துப் பேச முற்படுவது பொருந்துமா என்று நேயர்கள் ஐயுறக்கூடும். அந்த ஐயம் எனக்கும் இருந்தது.

எங்கள் தொழிலில் அடிக்கடி எதிர்ப்படும் வாக்கியம் ஒன்று உண்டு. கருவிகளுடன் வரும் குறிப்பேடுகளில் அது தவறாமல் இடம்பெறும்: “இதனுள் பயன்படுத்துவோர் தாமே சீர்செய்யத்தக்க உறுப்புகள் எவையும் இல்லை, திறவாதீர்.” இதைப் பல ஆண்டுகளாகச் சிறிதும் ஐயமின்றி மொழிபெயர்த்து வந்தேன். சுவரிலுள்ள மின்சாரத்தால் இயங்கும் பெரிய கருவிகளுக்கு அது சரியான எச்சரிக்கையே. தொடர்பைத் துண்டித்த பின்னரும் அவற்றின் உள்ளே ஆளை வீழ்த்தத்தக்க மின்னூட்டம் தங்கியிருப்பதுண்டு. ஆனால் பென்சில் பருமனுள்ள இரண்டு பாட்டரிகளால், மூன்றே வோல்ட்டில் ஓடும் ஒரு சிறு பெட்டிக்கும் அதே வாக்கியமா? இந்தக் கேள்வி தோன்றவே எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

பெட்டியின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் 1980-களின் பிற்பகுதியில் இந்தத் தீவுகளில் அரசுப் பணிக்கு வந்தார். அம்மாவும் நானும் தங்கையும் மன்னார்குடியை அடுத்த சிற்றூரில் தங்கிவிட்டோம். சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர மூன்று நாள் ஆகும். தொலைபேசியில் பேசுவதென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். அம்மாவுக்கோ கடிதம் எழுதுவதில் நாட்டமில்லை. ஆகவே பக்கத்து வீட்டாரின் டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, சொல்ல வேண்டியவற்றையெல்லாம் ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து, கப்பலேறும் யாரேனும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவார். அதைக் கேட்பதற்கென்றே அப்பா அபர்டீன் பஜாரில் ஒரு ‘வாக்மேன்’ வாங்கினார். கேட்டு முடித்த கேசட்டிலேயே மறுபடியும் பேசி அனுப்புவது எங்கள் வீட்டுச் சிக்கனம். அதனால் எஞ்சியது ஒன்றே ஒன்று, 1990-இல் பதிந்தது. அம்மாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. இருவரும் மறைந்தபின் பெட்டியும் கேசட்டும் என்னிடம் வந்தன. நானும் இதே தீவுக்கு மாற்றலாகி வந்தபோது அவற்றை உடன் கொண்டுவந்தேன். அது அறியாமை.

ஏனெனில், போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இருமடங்கு. அலமாரியில் மடித்து வைத்த வேட்டியிலும் பூஞ்சணம் பூக்கும். பூட்டு துருவேறித் தன் சாவியையே அறியமாட்டேன் என்னும். உப்புக் காற்றுக்கு இரும்பு, செம்பு என்ற வேறுபாடு கிடையாது.

இந்தத் தீவுகளுக்கும் ஒலிநாடாவுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இங்கே வானொலி நிலையம் தொடங்கியது 1963-இல். பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியதும் அதே 1963-இல்தான். ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் முதல் ‘வாக்மேனை’ விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தியாளர்கள் பேட்டி பதியும் கைக்கருவியிலிருந்து பதிவு செய்யும் பகுதியை நீக்கி, கேட்பதற்கு மட்டும் என்று செய்யப்பட்ட பெட்டி அது. கேசட்டின் காலம் பெருநிலத்தில் முடிந்த பின்னரும் இங்கே சற்று நீண்டது. சென்னையிலிருந்து வரும் கடலடி வடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்படும் வரையில் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஒரு பாட்டு வந்து இறங்குவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். பாட்டு வேண்டுவோர் அதைப் பெட்டியில்தான் வைத்திருந்தனர்.

சென்ற மழைக்காலத்தில் அந்த வாக்மேனை எடுத்துப் பாட்டரி போட்டு விசையை அழுத்தினேன். ‘ம்ம்’ என்று ஒரு முனகல், சக்கரம் சுழலவில்லை. கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பாராமல், “இதற்கெல்லாம் இப்போது ஆளில்லை சார், தூக்கிப் போடுங்கள்” என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது பழைய சாமான்.

வீடு திரும்பி, மேசை மேல் வெள்ளைத் துணியை விரித்தேன். வெள்ளைத் துணி ஏனென்றால், கீழே விழும் திருகாணி கண்ணுக்குத் தெரியும், உருண்டும் ஓடாது. முதலில் பாட்டரிகளை நீக்கினேன். தகடுகளில் வெண்மையும் பச்சையுமாக உப்புப் படிந்திருந்தது. ஆல்கலைன் பாட்டரி கசிந்தால் அதிலிருந்து வெளிவருவது காரம். துணி சுற்றிய குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அது நுரைத்துக் கரையும். பின்னர் ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். சாற்றை அப்படியே விட்டுவிட்டால் அதுவே தகட்டை அரித்துவிடும்.

அடுத்தது திருகாணிகள். பெட்டியின் பின்புறம் நான்கு தெரிந்தன. நான்கையும் கழற்றிய பின்னும் மூடி அசையவில்லை. இங்கேதான் பலரும் வலிந்து நெம்பிப் பிளாஸ்டிக்கை உடைத்துவிடுகிறார்கள். மூடி வரவில்லையென்றால் எங்கோ இன்னொரு திருகாணி ஒளிந்திருக்கிறது என்று பொருள். என் பெட்டியில் அது பாட்டரி அறையின் மூலையில், ஒட்டிய காகிதத்தின் அடியில் இருந்தது. திருப்புளியின் முனை திருகாணியின் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். சிறிது சிறுத்தாலும் தலை மழுங்கிவிடும். மழுங்கிய திருகாணியை எடுப்பது தனிக்கலை. காந்தம் ஏற்றிய திருப்புளி திருகாணியைப் பிடித்துக்கொள்ள வசதிதான். ஆயினும் ஒலிநாடாப் பெட்டிக்கு அது ஆகாது. குரலே காந்தமாகத்தானே நாடாவில் உறைந்திருக்கிறது! கழற்றிய ஒவ்வொன்றையும், எந்த இடத்தில் இருந்ததோ அதே அமைப்பில் ஒரு தாளில் ஒட்டிவைத்தேன். நீளத் திருகாணியைக் குட்டைத் திருகாணியின் இடத்தில் முடுக்கினால் அது உள்ளே இருப்பதைத் துளைத்துவிடும்.

மூடி அகன்றதும் நான் கண்டது ஒரு சிறிய தொழிற்சாலை. ஒரு மூலையில் மோட்டார். நடுவே கனமான பித்தளைச் சக்கரம். அதன் அச்சாக ஊசிபோன்ற எஃகுத் தண்டு. அந்தத் தண்டுக்கும் ஒரு ரப்பர் உருளைக்கும் இடையே சிக்கி, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற மாறாத வேகத்தில் நாடா இழுபடுகிறது. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைப்பது மெல்லிய ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் எங்கே? அது இல்லை. அது இருந்த வழியெங்கும் கரிய பிசின்தான் இருந்தது. முப்பது ஆண்டுகளில் ரப்பர் உருகித் தாராகிவிட்டிருந்தது. மோட்டார் முனகியதற்கும் சக்கரம் நின்றதற்கும் காரணம் இவ்வளவே. மின்சாரம் கற்றவன் அறிய வேண்டியது எதுவும் அங்கே இல்லை. கிணற்றுக் கயிறு அறுந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பிசினைத் துடைக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நாடாவைத் தொட்டு ஒலியை வாங்கும் ‘ஹெட்’ என்னும் பகுதியையும் அதே ஸ்பிரிட்டால் மெல்லத் துடைத்தேன்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். புதிய பெல்ட் கைக்கு வரும்வரை பொறுத்திருக்க மனமில்லை. அலுவலகக் கோப்புகளுக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினேன். சக்கரம் சுழன்றது! பழைய நாதசுரக் கேசட் ஒன்றைப் போட்டேன். ஊர்வலம் மேட்டில் ஏறும்போது வித்துவானுக்கு மூச்சு வாங்குவதுபோல் ஒலி தள்ளாடியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அம்மாவின் கேசட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். தொய்ந்த வளையம் வழுக்கவே, வேகம் குறைந்து குரலும் தாழ்ந்தது. “இங்கே எல்லோரும் சௌக்கியம்” என்று என் தாத்தாவைப் போன்ற கட்டைக் குரலில் அம்மா தொடங்கினார். அடுத்த கணம் ஒரு கரகரப்பு. நாடாவைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய அச்சு தயங்கி நின்றுவிட, நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டது.

என் கைகள் நடுங்கின என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இழுத்திருந்தால் அறுந்திருக்கும். அப்போது வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் வீட்டோடு சகலமும் போனபின் இந்நகருக்கு வந்தவர். “தம்பி, முதலில் பாட்டரியை எடுங்கள்” என்றார். பின்பு பித்தளைச் சக்கரத்தை விரலால் பின்னோக்கி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நாடாவை விடுவித்தார். பென்சிலைக் கேசட்டின் பல் சக்கரத்தில் செருகிச் சுருட்டி முடித்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். “ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை வைத்துச் சோதனை செய்வார்களா?” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவரிடம் அப்படி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கசங்கியது ஒரு சாண் நாடா. கணக்குப் பார்த்தால் நாலரை விநாடிப் பேச்சு.

உரிய பெல்ட்டைப் பெறுவதற்கு, அது செல்லும் வழியை நூலால் சுற்றி அளந்து, நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து எழுதிக்கொண்டேன். இறுக்கம் சிறிது வேண்டுமன்றோ? தபாலில் அனுப்பும் வணிகர் ஒருவர் தீவுகளுக்கு அனுப்புவதில்லை என்று கைவிரித்தார். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நண்பரை அனுப்பினேன். பல அளவுகளில் ஒரு கொத்து பெல்ட்டை வாங்கிச் சாதாரணக் கடித உறையில் வைத்து அவர் அனுப்பினார். நான்காவது பொருந்தியது. மோட்டாரின் பின்புறச் சிறு துளையினுள் இருக்கும் திருகை ஒரு நூலளவு திருப்பினால் வேகம் கூடும், குறையும். எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை ஓடவிட்டு அதைச் சரிசெய்தேன். மறுபடியும் நாதசுரம். இம்முறை ஊர்வலம் சமதரையில் சென்றது. ஒருமுறை அன்று, மூன்று நாள்.

என் மகள் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத் தன்னுடைய சிறிய புதுப் பெட்டியையும் திறந்து பார்க்கலாமா என்றாள். மறுத்துவிட்டேன். இக்காலத்துப் பெட்டிகளில் திருகாணியே வெளியே தெரிவதில்லை. 2001-இல் வந்து 2022-இல் விடைபெற்ற ஐபாட்டைப் போல், கவ்விகளாலும் பசையாலும் மூடியிருப்பார்கள். உள்ளே இருப்பது லித்தியம் பாட்டரி. நெம்பும் முனை அதில் பட்டுத் துளைத்தால் தீப்பற்றும். அது உப்பியிருந்தால் தொடவே கூடாது. மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைப்பதே முறை. பழுதுபார்க்கும் உரிமை என்று நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது. நல்லதே. ஆனால் பசைக்கு உரிமை தெரியாது.

அம்மாவின் கேசட்டைப் போடும் முன் இன்னொரு வேலை இருந்தது. கேசட்டின் சிறு சாளரத்தின் வழியே பார்த்தபோது நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சணம் தெரிந்தது. அதோடு ஓடவிட்டால் ஹெட்டும் அழுக்காகும், நாடாவும் தேயும். நல்லவேளையாக அது ஐந்து திருகாணிகளால் மூடிய கேசட். ஒட்டி மூடியதாக இருந்தால் உடைக்க வேண்டியிருந்திருக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளுடன் தகர டப்பாவில் இரண்டு வாரம் வைத்து உலர்த்தி, மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் விளிம்பைத் துடைத்தேன். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தது. நாதசுரக் கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன், வித்துவான் மன்னிப்பாராக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கேட்டோம். பெரியவரும் வந்திருந்தார். பெட்டியின் காது முனையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியில் செருகி, ஓடும்போதே பிரதி எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை ஓட்டும் துணிவு எனக்கு இல்லை. பக்கத்துக்கு முப்பது நிமிடம். பசு கன்று ஈன்றது, நெல் விற்ற விலை, கூரைக்கு ஆள் வராதது, பால்காரர் பாக்கி, அப்பாவின் இருமலுக்கு மருந்து. நடுவே நான் ஏதோ கேட்க, “போடா, அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்” என்று அம்மா என்னை விரட்டுகிறார்.

பிரதியை நாகபுரியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே தொலைபேசி அடித்தது. அரையாண்டுத் தேர்வில் அண்ணன் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் என்பது முப்பது ஆண்டுகளாக அவளுக்கு நான் சொல்லிவந்த செய்தி. கேசட்டில் அம்மா, “பெரியவன் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். கணக்கில் மட்டும்…” என்கிறார். அந்த இடத்தில் நாலரை விநாடி கரகரப்பு. பிறகு, “அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அழுகிறான். நீங்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளாதீர்கள்” என்று தொடர்கிறது. அந்த மதிப்பெண் எவ்வளவு என்று தங்கை கேட்கிறாள். நாடா கசங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.