பாலைநிலத்துச் சிற்றில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பயணமும் இலக்கியமும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கடல்போல் விரிந்த பொருள் அது. நான் அதன் கரையில் ஒரு சிற்றூரையும், அவ்வூரில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு வீடுகளையும், அவ்வீடுகளுக்கு வழங்கும் ஒரு சொல்லையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஊரின் பெயர் மார்ஃபா. நாம் வாழும் இதே டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், சிவாவா பாலைவனத்தைச் சேர்ந்த மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திற்கு 4,600 அடிக்கும் மேலே அது அமைந்துள்ளது. 1880களில் இருப்புப்பாதை போட்டபோது நீராவி எஞ்சின்களுக்கு நீர் நிரப்பும் இடமாகத் தோன்றிய ஊர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1,788 பேர். எல் பாசோ நகரம் ஏறத்தாழ 200 மைல்; மெக்சிகோ எல்லை 60 மைல். சரக்கு ரயில்கள் ஊரின் நடுவே ஊதிக்கொண்டு ஓடுகின்றன, நிற்பதில்லை.

பாலை என்றதும் மணற்குன்றுகளை எண்ணிவிட வேண்டா. அங்கே உள்ளது காய்ந்த புல்வெளி. இடையிடையே முள்ளும் யூக்காவும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற சிலப்பதிகாரக் கருத்தை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அக்கருத்துக்கு உரை எழுதியதுபோல் கிடக்கிறது அந்நிலம்.

இத்தகைய ஊருக்கு வெளியார் வரத் தொடங்கியதற்குப் பெருங்காரணம் ஒரு சிற்பி. நியூயார்க்கில் புகழ்பெற்றிருந்த டொனால்ட் ஜட் 1970களின் தொடக்கத்தில் அங்கு வந்தார். வீடுகளையும் கைவிடப்பட்ட படைமுகாமின் கட்டடங்களையும் தம் கலைக்கு இடமாக்கினார். பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் அவர் நிறுவிய 100 அலுமினியப் பெட்டிகளைக் காண இன்றும் தொலைநாடுகளிலிருந்து வருகிறார்கள். 1994இல் அவர் மறைந்தார். வருவோர் தொகை பெருகப் பெருக, ஊர்மக்களின் சிறுவீடுகள் விருந்தினர்க்கு வாடகை வீடுகளாயின. அவற்றைத்தான் ‘காசிட்டா’ என்கிறார்கள்.

ஓர் அக்டோபர்த் திங்களில் அத்தகைய வீடொன்றில் மூன்று இரவுகள் தங்கினேன். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சரளைக்கல் பரப்பிய முற்றம்; அவ்வளவே. வாரத் தொடக்கத்தில் கடைகளுள் பல திறப்பதில்லை. ஆதலின் அரிசியும் பருப்பும் கையோடு கொண்டுபோவது நன்று. நண்பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ச்சி. நள்ளிரவில் வெளியே குளிர் நடுக்கும்போது உள்ளே கதகதப்பு. ஒரு முழத்திற்குமேல் தடித்த மண்சுவர் பகல் வெம்மையை மெல்ல மெல்ல உள்வாங்கி, இரவில் அதே நிதானத்துடன் திருப்பித் தருகிறது. சாளரத்தின் அடித்தளம் ஓர் ஆள் அமர்ந்து நூல் படிக்கும் அகலம் உடையது.

சுவர்கள் அடோபி என்னும் சுடாத செங்கல்லால் ஆனவை. களிமண், மணல், வைக்கோல், நீர் இவற்றை மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் வார்த்து, வெயிலில் காயவைப்பார்கள். இச்சொல்லின் வரலாறே ஒரு பயணநூல். பண்டை எகிப்தியரின் சொல் காப்டிக் மொழி வழியே அரபுக்கும், அரபிலிருந்து ஸ்பானியத்திற்கும், ஸ்பானியத்தோடு கடல் கடந்து மெக்சிகோவுக்கும் வந்தது. அரசுகள் அழிந்தன, செங்கல்லின் பெயர் அழியவில்லை.

இனிக் காசிட்டா. ஸ்பானிய மொழியில் ‘காசா’ என்றால் வீடு. ‘இட்டா’ என்னும் ஈறு சிறுமையைக் குறிப்பது. அதனினும் மேலாக அன்பைக் குறிப்பது. தாய் தன் குழந்தையை அழைக்கையில் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் ஈறு அது. தமிழில் இதற்கு நேரான சொல் தேட நான் வருந்தவில்லை. ‘சிற்றில்’ உடனே நாவில் வந்து நின்றது. சங்கப் பாட்டில் எளியோர் வாழும் சிறுவீடு சிற்றில். ஆண்பால் பிள்ளைத்தமிழில் எட்டாம் பருவம் சிற்றில். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வேண்டா என்று பாட்டுடைத் தலைவனை வேண்டும் பருவம். வாழ்தலும் சிதைதலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தமிழின் நுட்பம். மார்ஃபாவில் அவ்விரண்டையும் கண்டேன்.

அவ்வூரில் 1909இல் மண்கல்லால் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. பிளாக்வெல் பள்ளி என்பது அதன் பெயர். மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும் அங்கே தனியே பயின்றார்கள். 1965 வரை அந்நிலை நீடித்தது. வீட்டுமொழியாகிய ஸ்பானியத்தைப் பள்ளியில் பேசினால் அடி விழும். 1954இல் அங்கே ஒரு சாவுச் சடங்கு நடந்தது. இறந்தவர் எவருமில்லை. பிள்ளைகளைச் சீட்டுகளில் ஸ்பானியச் சொற்களை எழுதச்செய்து, அச்சீட்டுகளை ஒரு பெட்டியில் இட்டு, கொடிமரத்தின் அருகே குழிதோண்டிப் புதைத்தார்கள். ‘திருவாளர் ஸ்பானியம்’ அடக்கம் செய்யப்பட்டார் என்பது அச்சடங்கின் பொருள்.

அன்பர்களே, அந்தச் சீட்டுகளில் எந்தெந்தச் சொற்கள் இருந்தன என்று நான் இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளையை எழுதச் சொன்னால் எதை எழுதும்? அம்மா, ரொட்டி, நாய், வீடு என்றுதான் எழுதும். அப்படியாயின், எந்தச் சொல்லுக்காக நான் வாடகை கொடுத்தேனோ அச்சொல்லும் அம்மண்ணுக்குள் சென்றிருக்கக் கூடும். அன்று பிள்ளையின் வாயில் குற்றமாயிருந்த மொழி இன்று வாயிற்பலகையில் விலைபோகிறது.

கதை அத்துடன் முடியவில்லை. பள்ளிக் கட்டடத்தைக் காக்க முன்னின்றவர்கள் அதில் பயின்ற மாணவர்களே. 2007இல் அவர்கள் முதியவர்களாய்க் கூடி, மண்ணைத் தோண்டித் தம் மொழியை மீட்டெடுக்கும் எதிர்ச்சடங்கு ஒன்றை நடத்தினார்கள். 2022இல் அப்பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் கையொப்பமாயிற்று. 2024இல் அது முறையாக நிறுவப்பட்டது.

ஆயினும் நினைவுச்சின்னம் எழுப்புவது எளிது, குடியிருப்பது அரிது. வெளியார் வரவால் வீட்டுவிலை ஏறியது. 2017இல் வரிமதிப்பீட்டில் மண்வீடுகளைத் தனி வகையாகப் பிரித்தபோது அவற்றுள் பலவற்றின் மதிப்பு உயர்ந்தது. எளியோர் கட்டிய வீடு என்பதாலேயே தாழ்வாக எண்ணப்பட்ட மண்சுவர், செல்வர் விரும்பும் அழகாயிற்று. அந்த அழகுக்குரிய வரியை எளியோரும் செலுத்த வேண்டியதாயிற்று.

நான் தங்கிய வீட்டுக்கு அடுத்த மனையில் ஒரு பெரியவர் தம் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். அருகில் நின்று பார்த்தேன். “சிமெண்டு பூசிவிட்டால் வேலை மிச்சமாகுமே” என்றேன். அவர் சிரித்தார். “சிமெண்டு வெளியே உறுதியாகத்தான் நிற்கும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மண்கல் கரைந்துபோகும். ஒருநாள் பூச்சு மட்டும் நிற்கும், சுவர் இருக்காது. மண்ணுக்கு மண்ணைத்தான் பூச வேண்டும், மழை கரைக்கும்போதெல்லாம் பூச வேண்டும்” என்றார். நீர் கொண்டுவரும்படி பேரனை ஸ்பானியத்தில் அழைத்தார். பேரன் ஆங்கிலத்தில் விடை சொல்லிவிட்டு வந்தான். பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை, பழகிப்போயிருந்தது. எனக்கும் அது புதிதன்று. இந்த அவையில் இருப்போர் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் உரையாடல்தானே அது!

நம் பிள்ளைகளை யாரும் அடித்துத் தமிழை மறக்கச் செய்யவில்லை, யாரும் குழிதோண்டவுமில்லை. ஆதலின் நம் நிலையை அவர்கள் பட்ட துன்பத்தோடு ஒப்பிடுவது முறையாகாது. ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு மொழி வாயிற்பலகையில் வாழ்ந்தால் போதுமா? தமிழ்நாட்டிலேயே ‘திண்ணை’, ‘முற்றம்’ என்று விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் பெயர் சூட்டுகிறார்கள். திண்ணை இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது ஒரு கடையின் பெயர் மட்டுமே. விழா மேடையில் நாம் கட்டும் பதாகையும், வெளியிடும் மலரும் பூச்சுதான். உள்ளே சுவர் இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப்பார்க்க வேண்டும்.

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைத்து அமைகிறேன். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், தாம் பிறந்து வளர்ந்த வீட்டின் உறுப்புகளுக்கு ஊரில் வழங்கிய சொற்களைத் தொகுக்க வேண்டும். திண்ணை, நடை, ரேழி, தாழ்வாரம், இறவாரம், அடுக்களை, பரண், மாடக்குழி, புறக்கடை என்று அவை ஊருக்கு ஊர் வேறுபடும். தொகுக்கும் பணியைத் தனியே செய்யாமல் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ அருகில் இருத்தி, அவர்கள் கையால் எழுதச்செய்ய வேண்டும். மாதந்தோறும் ஒரு வீடு நம் கூட்டத்தில் படிக்கப்படட்டும். படிப்பவர் அப்பிள்ளையாகவே இருக்கட்டும். கவிஞர்கள் அவ்வாரம் கேட்ட சொல்லொன்றை எடுத்துப் பாடட்டும். ஒரு பள்ளியில் சீட்டில் எழுதிச் சொற்களைப் புதைத்தார்கள். நாம் சீட்டில் எழுதிச் சொற்களை வாயிலேற்றுவோம்.